ஒருநாள்கூட லீவு போடாத புள்ள

இந்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா? இல்லையா, சரி. அந்தப் பேப்பர்க் கட்டைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிட்டீங்கன்னா உக்காந்துக்குவேன். கரூர் வரைக்கும்தான். நீங்களும் கரூருங்களா.

பரிச்சைப் பேப்பருங்களா அது? சிவப்புப் பேனா செருகியிருக்குது, அதான் கேட்டேன். டீச்சரா நீங்க. ஓ. இல்லீங்க, சும்மாதான். டீச்சருங்கன்னா எனக்கு மரியாதை உண்டு, ஒரே ஒருத்தங்களைத் தவிர. சொன்னா நீங்களும் அவங்க கட்சிதான் பேசுவீங்க. பேசினாலும் பரவால்லீங்க. நாலு மாசமா ஊரே எம்மேலதான் தப்புங்குது. கம்பெனியில பக்கத்து மிஷின்காரி என்கூட டீ குடிக்க வர்றதில்ல. நீங்க படிச்சவங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

சத்தமாப் பேசறேன்னா சொல்லிருங்க. கொசுவலைக் கம்பெனியில தைக்கறேன். ஒரே ஷெட்டுல அறுபது மிஷின் ஓடும். கத்தினாத்தான் பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேக்கும். வீட்டுக்கு வந்தாலும் அந்தத் தொண்டை இறங்காது.

எம் பேரு தவமணி. அஞ்சாவது பாதியில நின்னவ. பதினோரு வயசுல வலை மடிக்கப் போட்டாங்க. மேசை எட்டாதுன்னு ஸ்டூல் மேல ஏத்தி நிறுத்துவாங்க. பழைய ஆளுங்க இன்னிக்கும் என்னை ஸ்டூலுன்னுதான் கூப்பிடுவாங்க. பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு நான்தான் அழுதேன். எங்கப்பா சரி போகாதேன்னுட்டாரு. அன்னிக்கு ஒரு அறை விட்டுப் போடீன்னு தள்ளியிருந்தாருன்னா நானும் உங்களாட்டம் சிவப்புப் பேனா செருகியிருப்பேன். இதை அடிக்கடி நினைப்பேங்க. எங்கப்பா என்னை ஒரு தடவைகூட அடிச்சதில்ல. அதான் நான் இப்படி இருக்கேன்.

வீட்டுக்காரர் லாரி ஓட்டினாரு. ஒரு நாள் ரெண்டு பேரோட வந்து, ரேஷன் கார்டு விஷயம், கையெழுத்துப் போடுன்னாரு. படிச்சதெல்லாம் மறந்து எம் பேரை எழுத மட்டும்தான் தெரியும். போட்டேன். சம்மதிச்சு விலகிக்கறேன்னு அதுல எழுதியிருந்துச்சாம். ஹூப்ளிப் பக்கம் வேற குடும்பம் வச்சிருந்தாருன்னு பிறகுதான் தெரிஞ்சுது. தர்ஷினிக்கு அப்ப நாலு வயசு. எம் பொண்ணு. ஒரே பொண்ணு. யோகதர்ஷினின்னு முழுப்பேரு. அன்னிக்கே முடிவு பண்ணினேன், இவ எந்தப் பேப்பரைக் குடுத்தாலும் படிச்சுப்பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்னு. அதுக்கு நான் சாகணும்னாலும் சரி, அவ சாகணும்னாலும் சரி. அப்படித்தான் நினைச்சேன்.

நல்லாப் படிச்சவதாங்க, பொய் சொல்லக்கூடாது. அஞ்சாவது வரைக்கும் வாய் ஓயாது. பாடப்புத்தகத்துல இருக்கற பாட்டெல்லாம் நடந்துக்கிட்டே சொல்லுவா. ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம். அங்க வராத புள்ளைங்க வீட்டுக்கு செல்லுல மெசேஜ் வரும். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா அந்த மெசேஜ் வர்ற டைம் தெரியும். பத்தே கால். ஒரு நாள் பத்தே காலுக்கு செல்லு அடிச்சுது. சூப்பர்வைசர்கிட்டக் காட்டினேன். உம் பொண்ணு இன்னிக்கு வரலைங்குதுன்னாரு.

நான் மிஷினை நிறுத்திட்டு ஓடினேன். அமராவதி ஆத்துப் படிக்கட்டுல இருந்தா. இன்னும் ரெண்டு புள்ளைங்களோட தண்ணியில காலை விட்டுக்கிட்டு நவ்வாப்பழம் தின்னுக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்துச் சிரிச்சா. நாக்கெல்லாம் ஊதா. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. இந்தக் கையாலதான் விட்டேன். இருபத்தஞ்சு வருசமா வலைக்கட்டு இழுக்கற கை, பாருங்க எப்படி இருக்குதுன்னு. இடது பக்கம், காதோட சேர்த்து. ரெண்டு படி உருண்டுட்டா. எந்திரிச்சா. அப்படியே கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் ரெண்டாவது பீரியடுல உக்கார வச்சுட்டுத்தான் வேலைக்குத் திரும்பினேன். அரை நாள் மெசேஜ் ஒண்ணுதான் அந்த வருசம்.

சாயங்காலம் காதுல ரத்தம் காஞ்சிருந்துச்சு. அப்புறம் சீழ் வெச்சுது. தேங்காயெண்ணெயில பூண்டு போட்டுக் காய்ச்சி வெதுவெதுன்னு விட்டேன். மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கினேன். தூங்கவே மாட்டா, மடியில போட்டுத் தட்டிக் குடுப்பேன். நான் ஒண்ணும் கல்லு இல்லீங்க. ஒரு மாசத்துல வலி நின்னுருச்சு. சரியாப் போச்சு.

அதுக்கப்புறம் பாருங்க, ஒரு நாள்கூட லீவு கிடையாது. காய்ச்சல்னாலும் போவா. வயசுக்கு வந்தப்ப ஏழாம் நாளே அனுப்பிட்டேன். அந்த ஆறு நாள்கூட லீவுக் கணக்குல வரல, முழுப்பரிச்சை லீவோட கடைசி வாரத்துல வந்துருச்சு. ஏழாவது ஆண்டு விழாவுல நூறு சதவீத வருகைன்னு சர்டிபிகேட் குடுத்தாங்க. பெத்தவங்களையும் மேடைக்குக் கூப்பிட்டாங்க. கம்பெனிச் சேலையோடவே ஏறினேன். கைதட்டினாங்க. என் வாழ்க்கையில எனக்குன்னு ஜனங்க கைதட்டினது அன்னிக்குத்தான். பேரைக் கூப்பிட்டப்ப அவ மட்டும் உக்காந்தே இருந்தா. முன்னால இருந்த புள்ள தொட்டுச் சொன்ன பிறகுதான் எந்திரிச்சு வந்தா. வெக்கம்னு நினைச்சேன்.

ஆனா படிப்பு போயிருச்சுங்க. தினம் போற புள்ளைக்கு எப்படிங்க படிப்பு போகும்? கணக்குல எட்டு மார்க்கு, இங்கிலீசுல பதினொண்ணு. சொல்லுவதெழுதுதல்ல முட்டை. அதோட திமிரு வந்துருச்சு. தர்ஷினி தண்ணி கொண்டாடீன்னா அப்படியே நிப்பா. நாலு தரம் கூப்பிடணும். கிட்டப் போய்க் கத்தினாத்தான் திரும்புவா. டிவியைச் சுவர் அதிர வெப்பா. ஒரு நாள் கேஸ் அடுப்புல பால் பொங்கி, நெருப்பணைஞ்சு, கேஸ் நாத்தம் தெருவுக்கே வருது. நான் வாசல்ல இருந்து அடுப்பை நிறுத்து அடுப்பை நிறுத்துன்னு கத்தறேன். இவ அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து நோட்டுல பூ வரைஞ்சுக்கிட்டு இருக்கா. இடுக்கியை எடுத்தேன். இடது பக்கம் அடிச்சா மறுபடியும் சீழ் வைக்கும்னு பார்த்து, வலது பக்கமாத்தான் போட்டேன். அந்த நிதானம் எனக்கு எப்பவும் உண்டுங்க.

எத்தனை தடவைன்னா... எண்ணினதில்லீங்க. அதை யாராவது எண்ணுவாங்களா.

எட்டாவது தொடங்கி ஒரு மாசம் இருக்கும். ஒரு காலையில யூனிபாரம் போடாம உக்காந்திருக்கா. போகமாட்டேங்கறா. ஏன்டீன்னா தரையைப் பார்க்கறா. பக்கத்து வீட்டுப் பாக்கியத்தோட பொண்ணும் அதே வகுப்புதான். அதுதான் சொல்லுச்சு, எல்லாரும் அவளை டமாரம்னு கூப்பிடறாங்க, டீச்சர் கேள்வி கேட்டா முழிக்கிறா, வகுப்பே சிரிக்குதுன்னு. நான் சொன்னேன், பேரு வெச்சா என்னடி, எனக்கு ஸ்டூலுன்னு பேரு, நான் வேலைக்குப் போகாமலா இருக்கேன். நியாயம்தானுங்களே.

அன்னிக்கு வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டா. விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். பிரிச்சா மறுபடியும் பிடிப்பா. பூரிக்கட்டையால விரல் மேலயே ரெண்டு போட்ட பிறகுதான் விட்டா. சடையைப் பிடிச்சேன். இடுப்பளவு சடைங்க, நான் வாரம் ரெண்டு தடவை சீயக்காய் போட்டுத் தேச்சு வளர்த்தது. நல்ல பிடி கிடைக்கும். கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு இழுத்தேன். தெருவுல உக்காந்துட்டா. உக்காந்தவளை அப்படியே இழுத்தேன். புதுசா ஜல்லி போட்டிருந்தாங்க, முழங்கால் ரெண்டும் உரிஞ்சு சாக்ஸ் சிவப்பாயிருச்சு. ஆட்டோக்காரர் ஒருத்தர் இறங்கிவந்து, ஏம்மா, மாட்டையா இழுக்கிற, விடும்மான்னாரு. உங்க புள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறீங்களா, அதைச் சொல்லுங்கன்னு கேட்டேன். ஏறிப் போயிட்டாரு.

மணி அடிக்கறதுக்குள்ள விட்டுட்டேன். வருகைப் பதிவுல டிக் விழுந்துருச்சு.

இப்படியே ஒன்பது நாள். தினமும் காலையில. அவளுக்கும் பலம் வந்துருச்சு. கடிச்சா. பாருங்க, இந்த மணிக்கட்டுக்குக் கீழ, பல்லுத் தடம் இன்னும் இருக்குது. நான் விடல. ரெண்டு நாள் வலை ஓரத்துக்குத் தைக்கற நாடாவால கையைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனேன். கேட்டுக்கு முன்னால அவிழ்த்துருவேன், நாலு பேரு பார்த்தா அவளுக்குத்தானே அசிங்கம்.

பத்தாம் நாள் எந்திரிச்சுப் பார்க்கறேன், பாயில சடை மட்டும் கிடக்குது. என்னோட நூல் வெட்டற கத்தரியால கழுத்தோட வெட்டிப்போட்டுட்டு, சுவரோரமா முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அன்னிக்கு நான் அழுதேங்க. அத்தனை முடி. எத்தனை வருசத்து எண்ணெய். ஏன்டி இப்படிப் பண்ணினேன்னு கேட்டுக் கேட்டு அழுதேன். அவ என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தா.

சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன்.

அன்னிக்குத்தான் அந்த டீச்சர். ஷகிலான்னு பேரு. அந்த வருசம்தான் மாத்தலாகி வந்தவங்க. நான் கேட்டுக்குள்ள இவளைத் தள்ளும்போது நேரா வந்து நடுவுல நின்னாங்க. என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் ஆபீஸ் வராந்தாவுல நிறுத்தி, டைரியில மூணு தடவை எழுதிவிட்டேனே, ஏம்மா வரலைன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. டைரியை விரிச்சுக் காட்டினாங்க. மூணு இடத்துலயும் அவங்க எழுத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்குது. தவமணி, தவமணி, தவமணி. எல்லாப் பெத்தவங்களும் போடறாங்களேன்னு போட்டேன். என்ன எழுதியிருக்குதுன்னு அவளைக் கேட்டிருக்கலாம். கேக்கல. மார்க்கு குறைச்சல்னு எழுதியிருப்பாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன்.

அவங்க சொன்னாங்க, "அம்மா, உங்க பொண்ணுக்குக் காது கேக்கலை. ரெண்டு காதும். எத்தனை நாளா இப்படி?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. நல்லா நடிக்கிறா டீச்சர், நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாதுன்னேன்.

தர்ஷினி பத்தடி தள்ளித் தூணைப் பார்த்துக்கிட்டு நின்னா. டீச்சர் சத்துணவுக் கூடத்துல இருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துட்டு வந்து அவளுக்குப் பின்னால கல்லுத் தரை மேல போட்டாங்க. வராந்தாவே அதிர்ந்துச்சு. மரத்துல காக்கா பறந்துச்சு. வகுப்புல இருந்து புள்ளைங்க எட்டிப் பார்க்குதுங்க. இவ திரும்பல. தூணுல இருந்த பெயிண்டை நகத்தால சுரண்டிக்கிட்டே இருந்தா.

நீங்களா இருந்தா என்ன நினைச்சிருப்பீங்க? நான் நினைச்சேன், எவ்வளவு அழுத்தம் பாரு இவளுக்கு, ஊரு முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கறாளேன்னு. இப்ப பாருங்க டீச்சர் கேக்குதா இல்லையான்னு, அப்படீன்னுட்டுப் பின்னால போய் ஓங்கி விட்டேன். வலது பக்கம்தான். டீச்சர் குறுக்க வந்தாங்க. அவங்களைத் தள்ளினதுல கண்ணாடி விழுந்து உடைஞ்சுருச்சு. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன், அதை யாரும் சொல்லமாட்டாங்க. மறுபடியும் கையை ஓங்கினேன்.

தண்டவாளத் துண்டுதான் அந்தப் பள்ளிக்கூடத்துல மணி. அதை அடிக்கற இரும்பு ராடு ஜன்னல்ல சாத்தியிருந்துச்சு. அவ அதை எப்ப எடுத்தான்னு நான் பார்க்கல. என் கை வரும்போது நேருக்கு நேரா அதுல போட்டா. முழங்கைக்குக் கீழ ரெண்டா முறிஞ்சுது. குச்சி ஒடியற மாதிரி எனக்கே சத்தம் கேட்டுச்சு. நான் உக்காந்துட்டேன். அவ நிறுத்தல. தோள்ல ஒண்ணு, முதுகுல ஒண்ணு. தலைக்கு ஓங்கும்போது வாட்ச்மேன் பின்னால கட்டிப் பிடிச்சுட்டாரு. அப்பவும் காலால உதைக்கிறா. ராடு கீழ விழுந்த பிறகுதான் அவ வாயிலிருந்து குரல் வந்துச்சு. ரெண்டு வருசமா சரியாப் பேசாதவ. அந்தக் குரல் மனுசக் குரலாட்டமே இல்லீங்க, கட்டையா, ஏறி இறங்கி. "கேக்கலைம்மா. எனக்குக் கேக்கலை. கேக்கலை." எத்தனை தடவை சொன்னாள்னு தெரியாது. புள்ளைங்க எல்லாம் அழுதுச்சுங்க. பிரேயருக்கு மணி அடிக்க ஆள் இல்லாம அன்னிக்கு லேட்டாச்சு.

பெத்த தாயைங்க. யாராவது கேக்கறாங்களா, அந்தப் பொண்ணு தாயோட கையை முறிச்சாளேன்னு? யாரும் கேக்கல. எனக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கும்போதே அந்த டீச்சர் போன் போட்டு, குழந்தைங்க ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்துட்டாங்க. புள்ளையைக் கூட்டிட்டுப் போய்க் காது டாக்டர்கிட்டக் காட்டினாங்க. இடது காதுல ஜவ்வே இல்லையாம், உள்ள எலும்பு வரைக்கும் அரிச்சிருக்குதாம். வலது காதுலயும் ஜவ்வு பாதிக்கு மேல கிழிஞ்சிருக்குதாம். டாக்டர் என்னைக் கேட்டாரு, ஏதாவது அடிபட்டுதாம்மான்னு. அடி வாங்காத புள்ள எந்த வீட்டுல இருக்குது சார்னு கேட்டேன். அவர் எழுதிக்கிட்டாரு. பொறந்ததுல இருந்தே இருக்கும் சார், எங்க வீட்டுக்காரர் வழியில ஒரு அத்தைக்கு இப்படித்தான்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு.

அப்புறம் ஒரு நாள் அந்தக் குழந்தைங்க ஆபீஸ்ல மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு உக்காந்திருந்தாங்க. அவகிட்ட ஒரு பேப்பரைக் குடுத்தாங்க, வீட்டுக்குப் போறியா, ஹாஸ்டலுக்குப் போறியான்னு. அவ எடுத்தவுடனே எழுதல. ரெண்டு தடவை படிச்சா. விரல் வச்சு, ஒவ்வொரு வரியா, நிதானமா படிச்சா. நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ரெண்டாவது கட்டத்துல டிக் அடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டா.

இப்ப திருச்சியில ஹாஸ்டல்ல இருக்கா. அவளை மாதிரி காது கேக்காத புள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம். காதுல மிஷின் வச்சிருக்காங்க, ரெண்டு காதுலயும். ஓரளவு கேக்குதாம். மாசக் கடைசிச் சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம். இன்னிக்கு அங்கதான் போயிட்டு வர்றேன்.

வார்டன் நல்ல மாதிரி. பொண்ணு எப்படிம்மான்னு கேட்டேன். ஒரு நாள் லீவு போடறதில்ல, மணி அடிக்கறதுக்கு முன்னாலயே போய் முதல் பெஞ்சுல உக்காந்துக்கறான்னாங்க. யாரு எழுப்பி விடறீங்கன்னேன். யாரும் எழுப்ப வேண்டியதில்லை, அவளாவே போறாங்கறாங்க. நான் நம்பல. யாராவது ரெண்டு போடாம எந்தப் புள்ளைங்க தானாப் போகும்? இருந்தாலும் மனசுக்குள்ள சந்தோசம்தான்.

ஒரு ரூம்ல ரெண்டு நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. கொஞ்சம் சதை போட்டிருக்கா. முடி தோள் வரைக்கும் வளர்ந்திருக்குது. நான் எள்ளுருண்டை கொண்டு போயிருந்தேன், வாங்கிக்கிட்டா. நல்லாருக்கியா கண்ணுன்னேன். நல்லாருக்கேன்னா. கை எப்படி இருக்குன்னு கேட்டா. அவளாத்தான் கேட்டா. வெயிட் தூக்கினா வலிக்குதுன்னேன்.

அந்த முடியைப் பார்த்தேன். எண்ணெய் இல்லாம வறண்டு போய்க் கிடந்துச்சு. தடவலாம்னுதான் கையைத் தூக்கினேன். சத்தியமாத் தடவத்தாங்க. கை மேல வந்ததும் அவ என்ன பண்ணினா தெரியுங்களா. அவசரப்படல. பயப்படல. ஒரு மிஷினைக் கழட்டினா. இன்னொண்ணையும் கழட்டினா. சின்னப் பெட்டி ஒண்ணு பாவாடைப் பையில வச்சிருக்கா, அதுல ரெண்டையும் வச்சு மூடி, எனக்கு எட்டாத பக்கமா மேசை ஓரத்துல தள்ளி வச்சா. வச்சுட்டு, நிமிர்ந்து உக்காந்து கண்ணை மூடிக்கிட்டா.

பொருளை எப்படிப் பத்திரமா வச்சுக்கறா பாருங்க. அந்தப் பொறுப்பு எங்கிருந்துங்க வந்துச்சு? நான் அடிச்சு வளர்த்ததுலதானே வந்துச்சு. சொல்லுங்க. நீங்க டீச்சர்தானே.

எதுக்குங்க அந்தப் பக்கம் பார்க்கறீங்க. குளித்தலை தாண்டிருச்சு, இனி முக்கா மணி நேரந்தான்.

இல்லீங்க. தடவல. கை அப்படியே கொஞ்ச நேரம் நின்னுச்சு. இறக்கிட்டேன். தர்ஷினின்னு கூப்பிட்டேன், சத்தமா. ரெண்டு தரம். தொடலாம்னா தொடவும் தோணல, தொட்டா என்ன நினைப்பாளோன்னு. வார்டன் கதவுகிட்ட வந்து டைம் ஆச்சுன்னு சைகை காட்டினாங்க. எந்திரிச்சு வந்துட்டேன். வாசல்ல செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். கையை மடியில வச்சுக்கிட்டு, கண்ணை மூடினபடியே உக்காந்திருக்கா.

நான் போயிட்டேன்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்?